பாடும் நாயகர்களும் கேட்கும் நாயகர்களும்

(இணையவழி இலக்கியச் சந்திப்பொன்றில் நேரலையாக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

லண்டனில் இப்போது பகல் ஒரு மணி. கனடாவிலிருந்து காலைத் தேநீரோடும், அவுஸ்திரேலியாவிலிருந்து நித்திரையைத் தள்ளிப்போட்டும் இணைந்திருக்கிறவர்களுக்கு முதலில் நன்றி.

இந்தச் சந்திப்பில் வழக்கமாகப் பேசுகிறவர்கள் எழுத்தாளர்கள், மொழிபெயர்ப்பாளர்கள், பேராசிரியர்கள். நான் ஒரு பல்கலைக்கழக மாணவி. என்னை அழைத்த அண்ணா தொலைபேசியில், "உங்கட வயதுப் பிள்ளைகள் இப்ப என்ன படம் பாக்கினம், என்ன பாட்டுக் கேக்கினம் எண்டு கொஞ்சம் கதையுங்கோ" என்றார். என் வயதுக்காரர் எல்லோருக்காகவும் பேசுவதற்கு என்னிடம் எந்த ஆணையும் இல்லை. என் வகுப்பில் கொரியப் பாட்டு மட்டும் கேட்கிற தமிழ்ப் பிள்ளையும் உண்டு, கர்நாடக சங்கீதம் தவிர வேறெதையும் கேட்காத பிள்ளையும் உண்டு. ஆகவே நான் பார்த்த சில படங்கள், எனக்குப் பிடித்த சில பாட்டுகள், அவற்றைப் பற்றி யோசித்ததில் எனக்குத் தோன்றிய ஒரு விஷயம், இவ்வளவைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

அந்த ஒரு விஷயம் இதுதான். தமிழ்ப் படங்களில் ஒரு காலத்தில் நாயகன் பாடுவான். இப்போது நாயகன் பாட்டுக் கேட்கிறான்.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். அம்மாவோடு உட்கார்ந்து பழைய படங்களைப் பார்க்கும்போது எனக்கு எப்போதும் ஆச்சரியமாக இருப்பது, அந்த மனிதர்கள் எவ்வளவு இலகுவாகப் பாடத் தொடங்குகிறார்கள் என்பதுதான். காதல் வந்தால் பாட்டு, வேலை போனால் பாட்டு, பிள்ளை பிறந்தால் பாட்டு. வயல்வெளியில் வயலின் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. கேட்கவும் கூடாது. அது அந்தக் கலையின் விதி. தெருக்கூத்திலும் நாட்டுக்கூத்திலும் பாத்திரம் பாடித்தானே பேசுகிறது. அந்த வழியில் வந்ததுதான் எங்கள் சினிமா.

கடந்த ஏழெட்டு வருடங்களில் நான் விரும்பிப் பார்த்த படங்களில் பாத்திரங்கள் வாயைத் திறந்து பாடுவது குறைந்துவிட்டது. புதிய பாட்டுகள் பெரும்பாலும் பின்னணியில் ஓடுகின்றன. கதை நகர்கிறது, பாட்டு பக்கத்தில் நடந்து வருகிறது. ஆனால் அதே படங்களில் வேறொன்று நடக்கிறது. பாத்திரங்கள் பாட்டுக் கேட்கிறார்கள். மைதானத்து ஒலிபெருக்கியில், காரில், நினைவில். அப்படிக் கேட்கிற பாட்டு பெரும்பாலும் பழைய பாட்டு. படத்தின் மிக முக்கியமான இடத்தை அந்தப் பழைய பாட்டுத்தான் சுமக்கிறது.

மூன்று படங்களை எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது, 2018 இல் வந்த '96'. பிரேம்குமார் இயக்கியது. பள்ளிக்காலத்தில் ஜானு எல்லாப் பாட்டும் பாடுவாள். ராம் ஒரே ஒரு பாட்டைத்தான் கேட்டுக்கொண்டே இருப்பான். 'தளபதி' படத்தில் வரும் யமுனை ஆற்றுப் பாட்டு. அதை மட்டும் அவள் பாட மாட்டாள். இருபத்திரண்டு வருடம் கழித்து, ராமின் வீட்டில், கரண்ட் போன நேரத்தில் அவள் அதைப் பாடத் தொடங்குகிறாள். ராம் இருட்டில் தடுமாறிக்கொண்டு வெளிச்சம் தேடி ஓடுகிறான். அந்தப் படத்துக்கு கோவிந்த் வசந்தா மிக நல்ல பாட்டுகளைப் போட்டிருக்கிறார். என் கைப்பேசியில் அவை எப்போதும் உண்டு. என்றாலும் படத்தின் உச்சம் என்று யாரைக் கேட்டாலும் அந்த இருட்டைத்தான் சொல்வார்கள்.

இரண்டாவது, 2024 இல் வந்த மலையாளப் படம் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்'. சிதம்பரம் இயக்கியது. கொச்சிக்குப் பக்கத்திலுள்ள மஞ்ஞும்மலிலிருந்து கொடைக்கானலுக்குச் சுற்றுலா போன நண்பர்களில் ஒருவர் குணா குகைக்குள் விழுந்து, இன்னொரு நண்பர் கயிற்றில் இறங்கி அவரை மீட்டது 2006 இல் உண்மையாக நடந்த சம்பவம். அந்தக் குகைக்கு அந்தப் பெயரே 1991 இல் வந்த 'குணா' படத்தால்தான் வந்தது. நண்பர்கள் அங்கே போனதும் அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் என்பதால்தான். கடைசியில் கயிறு மேலே வரும்போது, கமலஹாசனும் எஸ். ஜானகியும் பாடிய அந்தக் கடிதப் பாட்டு ஒலிக்கிறது. வாலி எழுதிய காதல் பாட்டு. இங்கே அது ஒரு நண்பன் இன்னொரு நண்பனுக்குச் சொல்வதாகிவிடுகிறது. ஒரு எழுத்தும் மாறவில்லை. கேட்கிற இடம் மாறியதும் பாட்டின் பொருளே மாறிவிட்டது.

மூன்றாவது, அதே 2024 இல் வந்த 'லப்பர் பந்து'. தமிழரசன் பச்சமுத்து இயக்கியது. தினேஷ் நடித்த கெத்து என்கிற பாத்திரம் விஜயகாந்த் ரசிகர். ஊர்க் கிரிக்கெட்டில் அவர் மட்டையைப் பிடித்துக்கொண்டு இறங்கும்போதெல்லாம் 'பொன்மனச் செல்வன்' படப் பாட்டு ஒலிபெருக்கியில் போகும். வயது ஏறிவிட்ட, வீட்டில் மனைவிக்குப் பயந்து ஒளித்து ஒளித்து விளையாடுகிற ஒரு மனிதர், அந்தப் பாட்டுக் கேட்கிற நேரத்துக்கு மட்டும் ராஜா. 2023 டிசம்பரில் விஜயகாந்த் காலமானார். அடுத்த செப்டெம்பரில் படம் வந்தது. இல்ஃபோர்டில் நான் அதைப் பார்த்தபோது எனக்குப் பின்வரிசையில் இருந்த ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், அந்தப் பாட்டு வந்த ஒவ்வொரு முறையும் பக்கத்திலிருந்தவரின் தோளைத் தட்டினார். அவர் தினேஷுக்காகத் தட்டவில்லை என்று நினைக்கிறேன்.

இந்த மூன்று படங்களிலும் பாத்திரங்கள் எங்களைப் போன்றவர்கள். பாட்டை உண்டாக்கியவர்கள் அல்ல, கேட்டவர்கள். கேட்டு, அதைத் தங்களுடைய வாழ்க்கையில் ஓரிடத்தில் பத்திரப்படுத்தி வைத்தவர்கள். இந்தப் படங்கள் எனக்கு நெருக்கமாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

இங்கே ஓர் எதிர்க்கேள்வி வரும். பழைய பாட்டைப் போட்டால் கைதட்டல் நிச்சயம், அதனால்தான் போடுகிறார்கள், இதில் என்ன கலை இருக்கிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2025 ஏப்ரலில் வந்த அஜித்தின் 'குட் பேட் அக்லி' படத்தில் எத்தனை பழைய பாட்டு வருகிறது என்று எண்ணத் தொடங்கி, இடையில் விட்டுவிட்டேன். தியேட்டரில் ஒரே கொண்டாட்டம். நானும் விசிலடித்தேன். ஆனால் வெளியே வந்து வாகனத்தில் ஏறுவதற்குள் எல்லாம் கரைந்துவிட்டது. '96' பார்த்தபோது அப்படி இல்லை. ஏன் என்று யோசித்தேன்.

எனக்குக் கிடைத்த விடை ஒரு சின்னக் கேள்வி. அந்தப் பாட்டு அந்தப் பாத்திரத்துக்குத் தெரியுமா? அல்லது பார்க்கிற எங்களுக்கு மட்டும்தான் தெரியுமா?

ஜானுவுக்கு யமுனைப் பாட்டுத் தெரியும். இத்தனை வருடம் அதைப் பாடாமல் வைத்திருக்கிறாள். மஞ்ஞும்மல் நண்பர்களுக்கு 'குணா' தெரியும். குகைக்கு முன்னால் நின்று கமலைப் போல அபிராமியைக் கூப்பிட்டுச் சிரித்தவர்கள் அவர்கள். கெத்துவுக்கு விஜயகாந்த் பாட்டு உயிர். இந்த இடங்களில் பாட்டு பாத்திரத்தின் சொத்து. எங்களுக்கும் அது தெரிந்திருப்பதால், அந்தப் பாத்திரமும் நாங்களும் ஒரே ஊர்க்காரர் ஆகிவிடுகிறோம். மற்ற வகைப் படங்களில் பாட்டு பாத்திரத்தின் தலைக்கு மேலால் நேரே பார்வையாளருக்கு எறியப்படுகிறது. பாத்திரம் அதைக் கேட்கவே இல்லை. ஆகவே அது கைதட்டலோடு முடிந்துவிடுகிறது.

எல்லாப் படத்தையும் இந்த அளவுகோலால் அளக்க முடியாது. லோகேஷ் கனகராஜின் 'கைதி'யில் புதிய பாட்டே இல்லை, ஆனால் பழைய பாட்டுகள் துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுவே விளையாட்டாக வந்து போகின்றன. அந்தக் குறும்பு எனக்குப் பிடிக்கும். விளையாட்டு வேறு, நினைவு வேறு. விளையாட்டை நினைவு என்று விற்கும்போதுதான் எனக்குச் சலிப்பு வருகிறது.

சரி, இது படம். இனி என் வீட்டுக்கு வருகிறேன். ஏனென்றால் பாட்டுக் கேட்கிறவர் என்றால் யார் என்று எனக்குக் காட்டியவர் சினிமா நாயகர் அல்ல, அப்பா.

'96' வந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு குளிர்கால விடுமுறையில் அதை வீட்டில் அப்பாவோடு மறுபடி பார்த்தேன். அப்பா பொதுவாகப் படத்தின் நடுவில் நித்திரையாகிவிடுவார். கரண்ட் போகிற அந்தக் கட்டத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பாட்டு முடிந்ததும், "எங்களுக்கு அந்தப் பாட்டு எப்பவும் கறண்ட் இல்லாமல்தான்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. படத்தை நிறுத்திவிட்டுக் கேட்டேன்.

'தளபதி' 1991 நவம்பர் 5 ஆம் திகதி, தீபாவளிக்கு வந்த படம். 'குணா'வும் அதே நாள்தான் வந்தது. நான் மேலே சொன்ன இரண்டு பாட்டும் ஒரே தீபாவளிக்குப் பிறந்தவை. அந்த நேரம் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. 1990 இல் யுத்தம் மறுபடி தொடங்கியபோது போன மின்சாரம் பல வருடங்களாக வரவில்லை. மண்ணெண்ணெய்க்கும் பற்றரிக்கும் தடை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டுத் திரி போட்டுப் படித்த காலம் அது. இங்கே இருக்கிற பலருக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. என் வயதுக்காரருக்குச் சொல்கிறேன்.

படம் வரவில்லை, கசற் வந்தது. கொழும்பிலிருந்து யாரோ கொண்டுவந்த கசற்றை றெக்கோடிங் பாரில் பிரதி எடுத்திருக்கிறார்கள். அதைக் கேட்பதற்குச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற வேண்டும். சக்கரத்தோடு உரசுகிற டைனமோவிலிருந்து வருகிற மின்சாரத்தில் றெக்கோடர் பாடும். சுற்றுகிற கை களைத்தால் பாட்டும் இழுபடும். ஜானகி ஆண் குரலில் பாடத் தொடங்கிவிடுவாராம். உடனே மற்றவர்கள் சத்தம் போட, அடுத்த ஆள் கை மாற்றுவார். அப்பாவுக்கு அந்த யமுனைப் பாட்டில் விசேஷ விருப்பம் இருந்ததற்கு ஒரு காரணம், அது மிகச் சிறிய பாட்டு. ஒருவரே கை மாற்றாமல் முழுதாகச் சுற்றி முடித்துவிடலாம்.

'தளபதி' படத்தை அப்பா முதன்முதலாகப் பார்த்தது பல வருடம் கழித்து, இங்கே லண்டனில் ஒரு நண்பரின் அறையில், வீடியோவில். பாட்டு எல்லாம் மனப்பாடம், படம்தான் புதிது. "படத்திலை அந்தப் பாட்டு வந்த இடம் எனக்குச் சரிப்பட்டு வரேல்லை" என்றார். மணிரத்னம் எடுத்த காட்சியில் குறை இல்லை. அப்பாவின் தலைக்குள் அந்தப் பாட்டுக்கு ஏற்கெனவே ஒரு காட்சி இருந்தது. அதில் ரஜினி இல்லை, ஷோபனா இல்லை. ஒரு ஜாம் போத்தல் விளக்கும் நாலு பெடியங்களும் ஒரு சைக்கிளும்.

அன்றிரவு நான் யோசித்தது இதுதான். ராமுக்கும் ஜானுவுக்கும் அந்தப் பாட்டு இருட்டில் கிடைத்தது. அப்பாவுக்கும் இருட்டில்தான் கிடைத்தது. படம் எடுத்தவருக்கு அப்பாவைத் தெரியாது. ஆனாலும் அந்தக் காட்சி அப்பாவை எழுப்பி உட்கார வைத்தது. கேட்கிறவரைப் பற்றி உண்மையாக ஒரு படம் எடுத்தால், வேறெங்கோ இருக்கிற இன்னொரு கேட்பவர் அதற்குள் தன் இடத்தைக் கண்டுபிடித்துவிடுவார்.

இதனால்தான் 2025 மே மாதம் வந்த 'டூரிஸ்ட் ஃபேமிலி' பற்றி எனக்கு ஒரு விருப்பமும் ஓர் ஆசையும் உண்டு. அபிஷன் ஜீவிந்த் என்ற இளைஞரின் முதல் படம். சசிகுமாரும் சிம்ரனும் பெற்றோர். பொருளாதார நெருக்கடியால் இலங்கையிலிருந்து பிள்ளைகளோடு படகில் வந்து சென்னையில் ஒரு குடியிருப்பில் ஒளித்து வாழ்கிற குடும்பம். வாயைத் திறந்தால் ஊர் தெரிந்துவிடும் என்பதால் பேச்சை அடக்கச் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் எல்லோரும் இந்தப் படத்தைப் பார்த்தோம். உச்சரிப்புச் சரியா பிழையா என்று அம்மா ஒரு பக்கம் புள்ளி போட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பரிதாபத்துக்குரிய பிணங்களாகவோ துப்பாக்கிகளாகவோ காட்டாமல், பகிடி விடுகிற, அயலவரோடு உறவாகிற மனிதர்களாகக் காட்டியது எனக்கு மிகவும் பிடித்தது.

என் ஆசை என்னவென்றால், எங்களைப் படத்தில் கொண்டுவருகிறவர்கள் நாங்கள் எப்படிப் பேசுகிறோம் என்று மட்டும் பார்க்காமல், நாங்கள் எப்படிக் கேட்டோம் என்றும் ஒருநாள் கேட்க வேண்டும். இராமேஸ்வரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒருவரையும் இந்தப் பக்கம் இருக்கிற ஒருவரையும் ஒரே அறையில் விட்டால், பேச்சில் வித்தியாசம் வரும், சாப்பாட்டில் வித்தியாசம் வரும். 1991 இன் பாட்டு ஒன்றைப் போட்டால் இரண்டு பேரும் ஒரே இடத்தில் ஒரே வரியை முணுமுணுப்பார்கள். ஆனால் ஒருவர் அதைத் தியேட்டரில் கேட்டிருப்பார், மற்றவர் டைனமோ சுற்றிக் கேட்டிருப்பார். அந்த ஒற்றுமையும் அந்த வித்தியாசமும் சேர்ந்த ஒரு காட்சி இன்னும் தமிழ்ப் படத்தில் வரவில்லை என்பதுதான் என் குறை.

இனி எனக்குப் பிடித்த புதிய பாட்டுகள். பழைய பாட்டைப் பற்றியே கதைத்தால் நான் முன்னூறு வயதுக்காரி என்று நினைத்துவிடுவீர்கள்.

கடந்த வருடம் நான் அதிகமாகக் கேட்ட பாட்டு 'முத்த மழை'. ஏ. ஆர். ரகுமான் இசை, 'தக் லைஃப்' படத்துக்காக. தமிழில் பாடியவர் தீ. பட வெளியீட்டுக்கு முன், 2025 மே மாதம் சென்னையில் நடந்த இசை வெளியீட்டில் சின்மயி அதை மேடையில் பாடினார். அந்தக் காணொளி பரவியது. என் நண்பிகளுக்குள் இரண்டு கட்சி உண்டானது. ஒன்று தீ கட்சி, மற்றது சின்மயி கட்சி. நான் தீ கட்சி. அவருடைய குரலில் ஓர் அலட்சியம் இருக்கிறது, கெஞ்சாமல் கேட்கிற மாதிரி. சின்மயியின் குரலில் பாட்டு தெளிந்த தண்ணீர் மாதிரி ஓடும், தீயின் குரலில் கொஞ்சம் கலங்கி ஓடும். எனக்கு அந்தக் கலங்கல்தான் வேண்டும். மறுப்பவர்கள் பிறகு கேள்வி நேரத்தில் சண்டைக்கு வரலாம்.

விஷயம் என்னவென்றால், ஜூனில் படம் பார்க்கப் போனோம். படத்தில் அந்தப் பாட்டு இல்லை. எல்லோரும் பாடித் தீர்த்த பாட்டு திரையில் வரவே இல்லை. பலருக்குக் கோபம். எனக்கு அப்பாவின் கசற் நினைவுக்கு வந்தது. படமில்லாமல் பாட்டு மட்டும் கிடைத்த அவருடைய அனுபவம், முப்பத்துநாலு வருடம் கழித்து, எல்லா வசதியும் இருக்கிற எனக்கும் கிடைத்தது. எனக்கும் அந்தப் பாட்டுக்கு என் தலைக்குள் ஒரு காட்சி இருக்கிறது. அது மத்திய லைன் ரயிலில் பரீட்சைக்குப் போகிற ஒரு காலை. அதை மாற்ற இனி எந்த இயக்குநராலும் முடியாது.

இன்னொரு பாட்டு, 2021 மார்ச்சில் வந்த 'என்ஜாய் எஞ்சாமி'. சந்தோஷ் நாராயணன் தயாரிப்பு, தீயும் அறிவும் பாடியது, வரிகள் அறிவுடையவை. படத்துக்கான பாட்டல்ல, தனிப் பாட்டு. எங்கள் பல்கலைக்கழகத் தமிழ் மாணவர் விழாவில் இது இல்லாமல் நடனம் இல்லை. பஞ்சாபிப் பிள்ளைகளும் சேர்ந்து ஆடுவார்கள். ஆனால் ஆடுகிற பலருக்கு ஒன்று தெரியாது. அந்தப் பாட்டின் வேர் அறிவின் பாட்டி வள்ளியம்மாளிடம் இருக்கிறது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, பிறகு இந்தியாவுக்கு வந்தவர் அவர். காணொளியிலும் அவர் வீற்றிருக்கிறார். 1964 ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று எழுதிக்கொண்டது. அந்த மக்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எழுதிய கணக்கு அது. தோட்டம் போட்டவர்களுக்கு நிலம் இல்லாமல் போன கதைக்குத்தான் நாங்கள் இவ்வளவு சந்தோஷமாக ஆடுகிறோம். ஆடக் கூடாது என்று சொல்லவில்லை. ஒப்பாரியிலிருந்து ஆட்டத்துக்கு வருவது எங்கள் மரபில் உள்ளதுதான். எதற்கு ஆடுகிறோம் என்று தெரிந்து ஆடலாம்.

அந்தப் பாட்டோடு ஒரு சச்சரவும் வந்தது. 2021 ஓகஸ்டில் ஓர் இசைச் சஞ்சிகையின் அட்டையில் பாடகி இருந்தார், எழுதிய அறிவு இல்லை. எதிர்ப்பு வந்த பிறகு அவரையும் இணைய அட்டையில் போட்டார்கள். அடுத்த வருடம், சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் பாட்டு ஒலித்தது, அறிவு மேடையில் இல்லை. யார் எவ்வளவு செய்தார்கள் என்று சம்பந்தப்பட்டவர்கள் ஆளுக்காள் விளக்கம் கொடுத்தார்கள். அந்த வழக்கைத் தீர்க்க நான் வரவில்லை. எனக்கு உறைத்தது ஒன்றுதான். ஒரு பாட்டு எவ்வளவு தூரம் போகிறதோ, அவ்வளவுக்கு அதைச் செய்தவர்களின் பெயர்கள் வழியில் விழுந்துவிடுகின்றன.

பழைய பாட்டுகளுக்கும் இதுவே நடக்கிறது. 'குட் பேட் அக்லி'யில் தன் மூன்று பாட்டுகளை அனுமதியில்லாமல் பயன்படுத்தினார்கள் என்று இளையராஜா வழக்குப் போட்டார். 2025 செப்டெம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. என் நண்பர் வட்டத்தில் பலர், "நாங்கள் கேட்டுக் கொண்டாடுகிற பாட்டுக்கு இவர் ஏன் காசு கேட்கிறார்" என்றார்கள். சட்டப்படி உரிமை தயாரிப்பாளரிடமா, இசை நிறுவனத்திடமா, இசையமைப்பாளரிடமா என்பதை நீதிமன்றம் பார்க்கட்டும். ஆனால் ஒரு படத்தின் இரண்டரை மணி நேரத்தில் ரசிகன் எழுந்து நிற்கிற இடம் இன்னொருவர் முப்பது வருடத்துக்கு முன் செய்த பாட்டு என்றால், அவரிடம் ஒரு வார்த்தை கேட்பது பெரிய காரியமா? நான் கேட்பவள். என் பக்கமும் ஒரு கடமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அந்தக் கடமையை எங்களுக்கு அழகாகச் செய்து காட்டியவர்கள் எங்கள் ஊரிலேயே இருந்தார்கள். இலங்கை வானொலி. கடல் கடந்து தமிழ்நாட்டு மக்களும் திருப்பி வைத்துக் கேட்ட வானொலி. கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் போன்ற அறிவிப்பாளர்களின் பழைய ஒலிப்பதிவுகளை யூரியூப்பில் கேட்டிருக்கிறேன். பாட்டைப் போடுவதற்கு முன் என்ன படம், பாடியவர் யார், எழுதியவர் யார், இசை யார் என்று சொல்வார்கள். நேயர் விருப்பத்தில், அதைக் கேட்க விரும்பிய ஊரையும் பெயரையும்கூடச் சொல்வார்கள். செய்தவர் பெயரும் கேட்பவர் பெயரும் ஒரே மூச்சில் வரும். எங்கள் அம்மம்மாவுக்கு எந்தப் பாட்டைப் போட்டாலும் கண்ணதாசனா வாலியா என்று சொல்லத் தெரியும். அவர் எந்தப் புத்தகமும் படித்து இதைக் கற்கவில்லை. அடுப்படியில் வேலை செய்துகொண்டே காதால் கற்றவர்.

எனக்குப் பாட்டு எப்படி வருகிறது? முப்பது விநாடித் துண்டாக வருகிறது. பெயர் இருக்காது. சிலவேளை வேகம் கூட்டியிருப்பார்கள். விவரம் தேடினால் கிடைக்கும், ஆனால் தேட வேண்டும். கிடைப்பதில்கூடப் பாடலாசிரியர் பெயர் கடைசியில்தான். யாரும் எங்களைத் தடுக்கவில்லை. யாரும் சொல்லித் தரவும் இல்லை.

ஆகவே இப்போது நான் ஒரு சின்ன வேலை செய்துகொண்டிருக்கிறேன். அப்பாவுக்குப் பிடித்த பாட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டு, அவர் சொல்வதைக் கைப்பேசியில் பதிவு செய்கிறேன். முதலில் இலங்கை வானொலி முறைப்படி படம், பாடியவர், எழுதியவர், இசை. பிறகு என்னுடைய ஒரு கேள்வி: முதன்முதலில் எங்கே கேட்டீர்கள்? இதுவரை பதினான்கு பாட்டு முடிந்திருக்கிறது. யுத்தத்தைப் பற்றி நேரே கேட்டால் அப்பா கதைக்க மாட்டார். பாட்டைப் பற்றிக் கேட்டால், கேட்ட வீடு வருகிறது, அந்த வீட்டுக்காரர் வருகிறார், அவருக்குப் பிறகு என்ன நடந்தது என்பதும் வருகிறது. சில பாட்டுகளில் பதிவை நிறுத்த வேண்டி வந்தது. நான்காவது பாட்டில், டைனமோ சுற்றிய நாலு பேரில் இரண்டு பேர் இப்போது இல்லை என்பது எனக்குத் தெரியவந்தது. அப்பா அவர்களுடைய பெயர்களைச் சொன்னார். அதற்கு முன் ஒருநாளும் அந்தப் பெயர்களை எங்கள் வீட்டில் நான் கேட்டதில்லை.

எந்த வரலாற்றுப் புத்தகத்திலும் வராத இந்தப் பெயர்கள் இரண்டு நிமிடப் பாட்டு ஒன்றுக்குள் இவ்வளவு காலம் பத்திரமாக இருந்திருக்கின்றன. பாட்டைக் கேட்பது சும்மா பொழுதுபோக்கு என்று இனிமேல் யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

முடிக்கிறேன். என் வயதுக்காரருக்கு ஒரு வேண்டுகோள். படத்தில் பழைய பாட்டு ஒன்று வந்து வீட்டில் யாராவது நிமிர்ந்து உட்கார்ந்தால், தயவுசெய்து படத்தை நிறுத்துங்கள். படம் ஓடிப்போகாது. ஏன் நிமிர்ந்தீர்கள் என்று கேளுங்கள். பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். "உங்கட காலத்துப் பாட்டெல்லாம் ஒரு பாட்டா" என்று தொடங்காதீர்கள். நாங்கள் கேட்கிற பாட்டையும் எங்கே கேட்டோம் என்று எங்களிடம் கேளுங்கள். எங்களிடமும் சொல்ல இருக்கிறது.

இப்போது கலந்துரையாடலுக்கு நேரம். உங்களுக்குப் பிடித்த பாட்டைச் சொல்லப் போகிறவர்கள் எழுதியவர் பெயரையும், முதலில் கேட்ட இடத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். தீயா சின்மயியா என்ற சண்டையைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.